ஆயில்யம் தாண்டும் வரை

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பேச்சு. அதனால் ஏழாம் மாதமே நியூஜெர்ஸியிலிருந்து என்னை விமானம் ஏற்றிவிட்டார்கள். என் கணவர் சாய்குமாருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டாயிரம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று அவர் கம்பெனியில் இரவும் பகலும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சூலூருக்கு வந்தேன்.

எனக்கு வலி என்றால் பயம். பல் பிடுங்கப் போனாலே மயக்கம் வரும். அங்கே எங்கள் அபார்ட்மென்டில் மேல்வீட்டுப் பெண் முதுகில் ஊசி போட்டுக்கொண்டு டிவி பார்த்தபடியே பிள்ளை பெற்றாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் அந்த ஊசி வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "வலி தெரியாமப் பெத்தா புள்ளை மேல பாசம் எப்படி வரும் கண்ணு?"

"அண்ணனைப் பெத்தப்ப ரெண்டு நாள் வலிச்சுதுன்னு சொல்லுவீங்களே. இப்ப அவன் மேல பாசம் வழியுதாக்கும்?"

தங்கை மானசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மசக்கைக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தாள்.

எனக்காகப் பேசியது என் மாமியார்தான். கருமத்தம்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ஒரு தூக்குப்போசியில் கடலையுருண்டை இருக்கும். "இருக்கட்டுங்க சம்பந்தி," என்றார். "நாம பட்டது போதாதுங்களா? புள்ளை ஒண்ணு நோகாமப் பெத்துட்டுப் போகட்டும்."

அம்புஜம் அத்தை அப்படிப்பட்டவர். முப்பது வயதுக்குள் தாலியை இழந்தவர். மாமா லட்சுமணசாமிக்கு அவினாசி ரோட்டோரம் எட்டுத் தறி இருந்தது. நூல் வாங்கப் போனவரை லாரி அடித்துவிட்டது. அப்போது சாய்குமாருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் குழந்தையின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆயில்யம், நாலாம் பாதம். அதில் பிறந்தால் அப்பாவுக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறந்தபோது யாரும் சொல்லவில்லை. செத்த பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

கல்யாணமான புதிதில் சாய்குமார் ஒருமுறைதான் இதைப் பற்றிப் பேசினார். பத்து வயதில் சித்தப்பா கல்யாணத்துக்குப் போனாராம். மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு அத்தைப்பாட்டி கையைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள். "அப்பனை முழுங்குனவன் முன்னால நிக்கக்கூடாது சாமி," என்று சொல்லி, அழக்கூடாது என்று கையில் ஒரு லட்டும் கொடுத்தாளாம். அந்த லட்டைத் தின்றதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

தை மாதம் ஒரு விடியற்காலையில் எனக்கு வலி கண்டது. அப்பா காரை எடுத்தார். திருச்சி ரோட்டில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நான் கத்தினேன். "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க," என்று அம்மா அப்பாவின் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கோகிலவாணி இங்கிலாந்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கோயமுத்தூரில் மாடி வைத்த சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். ஊசியைப் பற்றி அவர் எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்: பிரசவம் கொஞ்சம் நீளும், முக்கும் உணர்வு மட்டுப்படும், சிலருக்கு ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வரும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தேன். வலி இருக்காது என்பது ஒன்றுதான் என் காதில் விழுந்திருந்தது.

மயக்க டாக்டர் வேலுமணி ஒரு ஆஸ்பத்திரிக்கு என்று இருப்பவர் அல்ல. ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கப் போவார். எங்கே கூப்பிட்டாலும் அங்கே. வந்ததும் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்.

"பூனை முதுகை வளைக்குமல்ல, அப்படி வளைங்க அம்மணி. அசையாதீங்க."

"வலி வருதுங்க டாக்டர்."

"வந்துட்டுப் போகட்டும். அது போனப்புறம் நாம நம்ம வேலையப் பாப்போம்."

நர்ஸ் உம்மல் குல்சும் என் இரண்டு தோளையும் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முதுகில் ஸ்பிரிட் சில்லென்று பட்டது. பிறகு ஒரு அழுத்தம். நூல் போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டு, முதுகு நெடுகப் பிளாஸ்திரி போட்டு, தோள்வரை கொண்டுவந்து ஒட்டினார். அதன் வழியே மருந்து போனது.

சிறிது நேரத்தில் வலி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. வயிற்றில் கை வைத்தால் இறுகுவது தெரிந்தது. ஆனால் அது என் வயிறு போல இல்லை. கால்கள் மணல் மூட்டை போலக் கிடந்தன. நான் அழுதேன். வலியால் இல்லை, நிம்மதியால். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, நெசமாவே வலிக்கலையா?" என்று கேட்டாள். "இது அப்பவே இருந்திருந்தா நானும் போட்டிருப்பேன் போ," என்றாள்.

குல்சும் வயிற்றில் ஒரு கருவியை வைத்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. வேகமாக, விடாமல். அன்று காலையில் நான் கேட்ட எல்லாச் சத்தங்களிலும் அதுதான் நல்ல சத்தம்.

அத்தை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையில் கடலையுருண்டைப் போசி இல்லை. நேரே வராமல் ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். பூசிய இடத்திலேயே மறுபடியும் பூசினார்.

"என்னங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

பிறகு அம்மாவை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மெதுவாகத்தான் பேசினார். எனக்குக் கேட்டது. "இன்னைக்கு ஆயில்யமாங்க சம்பந்தி. நாலாம் பாதம் ஓடிட்டிருக்குது. மூணு மணிக்கு மேலதான் மகம் பொறக்குதாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தபோது அத்தை கையைக் கூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரித்தார்.

"புள்ளை பஞ்சாங்கம் பாத்துட்டா வரும்? அதுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்பத்தானுங்க வரும்."

"நான் ஒரு தடவை பாத்துட்டேனுங்க டாக்டரம்மா," என்றார் அத்தை. "இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்லீங்க."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் டாக்டர் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அத்தை அப்படியே நின்றார். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையுறையை மாட்டி என்னைச் சோதித்தார். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்துவிட்டது என்றார்.

"முக்கணும்னு தோணுதா உனக்கு?"

"இல்லீங்க டாக்டர். ஒண்ணுமே தெரியலீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஊசி போட்டவங்க உடனே முக்கணும்னு கட்டாயமில்லை. இங்கிலாந்துல நாங்க கொஞ்ச நேரம் விட்டுப் பாப்போம். புள்ளை தானாக் கீழ எறங்கி வரும். தாய்க்கும் களைப்பில்லை."

"அப்ப மூணு மணி வரைக்கும் விடலாமுங்களா?" என்றார் அத்தை.

"அவ்வளவு நேரமெல்லாம் சொல்ல முடியாதுங்க. துடிப்பு நல்லா இருக்குற வரைக்கும் பாப்போம்."

அத்தைக்கு அதில் கடைசிப் பாதி மட்டும் போதுமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சாய்குமாரின் போன் வந்தது. அங்கே நடுராத்திரி. டாக்டரம்மா தன் அறையிலிருந்து கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார்.

"லச்சு, வலிக்குதா?"

"இல்லீங்க. நல்லா இருக்கறேன். அத்தை நட்சத்திரம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஜோசியர் வீட்லயிருந்தே போன் போட்டாங்க. இங்க ரோடெல்லாம் ஐஸ். எனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்து சாகறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது லச்சு. நான் அதெல்லாம் நம்பறதில்லை."

"அப்ப சொல்லட்டுங்களா டாக்டர்கிட்ட? இப்பவே எடுக்கச் சொல்லட்டுங்களா?"

"நம்ம புள்ளை அந்தப் பேச்சைக் கேட்டுட்டு வளர வேண்டாம்," என்றார். "டாக்டர் பரவாயில்லைன்னு சொன்னா இருந்துட்டுப் போகட்டுமே. கொஞ்ச நேரந்தான?"

போனை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். கீழே வெளி நோயாளிகள் காத்திருந்தார்கள். இறங்கிப் போனார்.

காத்திருந்தோம். யாருக்கும் அதில் பெரிய கவலை இல்லை. அம்மா கேன்டீனில் இட்லி வாங்கிவரச் சொன்னாள். அத்தை சாப்பிடவில்லை. குல்சும் அவ்வப்போது வந்து துடிப்பைக் கேட்டாள். அறையில் அந்தச் சத்தம் நிறையும்போதெல்லாம் அத்தை கண்ணை மூடிக்கொள்வார். "எங்க தறி மாதிரியே ஓடுது," என்றார் ஒருமுறை. அந்த நாளில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மதியம் சாய்ந்தபோது எனக்குக் கீழே ஏதோ முட்டுவது போல இருந்தது. முதலில் லேசாக. பிறகு பெரிதாக. வலி என்று சொல்ல முடியாது. என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு வேலையைத் தொடங்குவது போல இருந்தது. மூச்சு தானாக நின்றது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"முக்க வருதுங்களா அக்கா?" குல்சும் ஓடிவந்தாள். "நல்லதுக்கா. மருந்து குறையுது. நான் டாக்டரம்மாவைக் கூட்டியாறேன்."

அவள் வெளியே போகவும் வேலுமணி டாக்டர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆபரேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் அத்தை.

"மறுபடி வலிக்குதா அம்மணி?"

"வலி இல்லீங்க. ஏதோ முட்டுதுங்க."

"இன்னும் நேரமிருக்குதாமே. அதுவரைக்கும் எதுக்கு சிரமம்? ஒரு டோஸ் போட்டுட்டுப் போறேன். நான் திரும்பி வர லேட்டாகும்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என் தலையைத் தடவினார். "இன்னும் கொஞ்ச நேரந்தான் என் தங்கம். பல்லைக் கடிச்சுக்க."

கடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தோளில் ஒட்டியிருந்த குழாய் வழியாக மருந்து போனது. உள்ளே எழுந்து வந்தது அப்படியே அமுங்கிப் போனது. அது போனபோது எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. வலி இருந்திருந்தால் நான் யார் பேச்சையும் கேட்டிருக்க மாட்டேன். வலி இல்லாததால் மரியாதையாகப் படுத்திருந்தேன்.

குல்சும் திரும்பி வந்து காலியான ஊசியைப் பார்த்தாள். வேலுமணி டாக்டரைப் பார்த்தாள். "டாக்டரம்மா ஒரு கேஸ் பாத்துட்டிருக்காங்க. இதோ வர்றேன்னாங்க," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை கருவியை வைத்தபோது சத்தம் உடனே கிடைக்கவில்லை. அவள் இடம் மாற்றி மாற்றி வைத்தாள். கிடைத்தது. ஓடியது. வயிறு இறுகியபோது மெதுவாகி, நின்றுவிடுமோ என்று நான் நினைக்கும் அளவுக்குப் போய், பிறகு தயங்கித் தயங்கி எழுந்தது. குல்சும் துணியை விலக்கிப் பார்த்தாள். கட்டில் விரிப்பில் பனிக்குடத் தண்ணீர் பச்சையாக இருந்தது. அவள் ஓடினாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா வந்த வேகத்திலேயே கையுறையை மாட்டினார்.

"இன்னும் கொஞ்சந்தானுங்க டாக்டரம்மா," என்றார் அத்தை. சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். "கொஞ்ச..."

"நீங்க வெளிய போங்கம்மா."

"டாக்டரம்மா..."

"வெளிய போங்க."

கதவு சாத்தப்பட்டது. "முக்கு," என்றார் டாக்டர். நான் முக்கினேன். முக்கியதாக நினைத்தேன். எந்த இடத்தை முக்குவது என்று தெரியவில்லை. முகம்தான் இறுகியது. இடுப்புக்குக் கீழே இருப்பது வேறு யாரோ. "அங்கில்ல, கீழ, கீழ," என்று குல்சும் என் வயிற்றை அழுத்தினாள். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அவளே முக்கினாள். துடிப்புச் சத்தம் அறையில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஆபரேஷனுக்கு நேரமில்லை என்று டாக்டர் யாரிடமோ சொன்னார்.

ஆயுதம் போட்டார்கள். இரும்பு உள்ளே போனது எனக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. யாரோ ஒரு மேஜையை இழுப்பது போல என் உடம்பு முழுவதும் கட்டிலில் நகர்ந்தது. அவ்வளவுதான்.

பையன். நீல நிறம். அவனை ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்கள். குல்சுமின் முதுகும் டாக்டரின் முதுகும் மட்டும் எனக்குத் தெரிந்தன. உறிஞ்சும் சத்தம், பலூன் அமுக்கும் சத்தம். அவன் அழவில்லை. அழுகையைத் தவிர எல்லாச் சத்தமும் கேட்டது.

கதவுக்கு வெளியே அத்தையின் குரல் கேட்டது. "மகம் பொறந்தாச்சு," என்று யாரிடமோ சொன்னார். பிறகு, "ஏன் சத்தமே காணோம்?" என்றார்.

அவனை ஆம்புலன்ஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாளிலிருந்து கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வருகிற வழியில் மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். எவ்வளவு போயிருக்கும், எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். சொன்ன டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் கோகிலவாணி ஒருமுறை வந்து பார்த்தார். "ஊசி போட்டா நீளும்னு உனக்கு மொதல்லயே சொல்லியிருந்தேன்ல," என்றார். குரல் உடைந்திருந்தது. காத்திருந்ததைப் பற்றி அவர் பேசவில்லை. யாருமே பேசவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என் முதுகைப் பற்றியே விசாரித்தார்கள். முதுகில் போட்ட மருந்து குழந்தையின் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். ஒரு வாரத்தில் அது சூலூர் முழுக்க உண்மையாகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் மூக்கில் ஒரு குழாய் இருந்தது. உறிஞ்சத் தெரியவில்லை. என் பாலைப் பிழிந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அத்தை எங்களோடு வந்து தங்கிவிட்டார். அவன் துணிகளையெல்லாம் அவரே துவைத்தார். என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாய்குமார் வாரக் கடைசியில் போன் செய்யும்போது மட்டும் அவர் கை வேலை நின்றுவிடும். "சாப்பிட்டயா சாமி? ரோட்டைப் பாத்துப் போறயா?" என்று கேட்பார். மகன் நன்றாக இருப்பதைக் கேட்டதும் அத்தையின் முகத்தில் ஏதோ ஒன்று தளரும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அம்மா மானசாவிடம் சொல்லிவிட்டாள். "உனக்கு அந்த ஊசி கெடையாது. எவ்வளவு வலிச்சாலும் கெடையாது."

அன்று சாயந்திரம் மானசா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. குழந்தையைப் பார்க்காமல் என் புடவை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே வலிக்கலையாக்கா?"

"வலிக்கல."

"அப்புறம் எதனாலக்கா இப்படி? ஊசியாலதானா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஊசி போட்ட எத்தனையோ பேர் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளேயிருந்து முட்டியதை மறுபடி மருந்து போட்டு அமுக்கினோம். மூணு மணிக்காகக் காத்திருந்தோம். இதை அவளுக்காவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். போன் அடித்தது.

சாய்குமார். அன்று வாரக் கடைசி இல்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"லச்சு, இங்க ஒரு டாக்டர்கிட்டக் கேட்டேன். ஊசியால மட்டும் இப்படி ஆகாதுங்கறார். வேற என்ன நடந்துச்சுன்னு கேக்கறார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாம காத்திருந்தமே. அதனாலயா?" என்றார். "உண்மையச் சொல்லு. எனக்காகக் காத்திருந்ததாலயா?"

கூடத்தில் அத்தை துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். மானசா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனின் மறுமுனையில் அவர் மூச்சு கேட்டது. அவர் அங்கே தனியாக இருந்தார். லீவு கிடைக்காமல் குழந்தையை இன்னும் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொன்னால் அந்த வீட்டில் அதை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி தனியாக இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்க," என்றேன். "ஊசிதான். நான்தான் பிடிவாதம் பிடிச்சுப் போட்டுக்கிட்டேன்."

"சரி," என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை.

"கேட்டயா மானசா," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "அவளே சொல்லிப்போட்டா."

மானசா தலையாட்டினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் போனை வைத்தேன். குழந்தைக்குப் பால் இறக்கும் நேரமாகியிருந்தது.